காட்பாடியில் ரயில் ஏறும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணச் சலுகை: எப்படி வாங்குவது, எங்கே தடுக்கும்

கையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது, ரயில் சலுகை கிடைக்கும் என்று கவுன்டருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. ரயில்வே சதவீதத்தைப் பார்ப்பதில்லை. நான்கு பிரிவுகள்தான் அதன் கணக்கு: துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றோர், துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுடையோர், அறவே பார்வை இல்லாதவர்கள், காதும் கேட்காமல் பேச்சும் இல்லாதவர்கள். ஒரு கால் போலியோவில் சூம்பியிருந்தும் தனியாக நடமாடுகிறவருக்குச் சலுகை இல்லை. நியாயமா என்றால் இல்லைதான். ஆனாலும் விதி அப்படி.

முதல் மூன்று பிரிவினருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் காரில் 75 சதவீதம் தள்ளுபடி. முதல் வகுப்பு ஏசியிலும் இரண்டடுக்கு ஏசியிலும் 50. கடைசிப் பிரிவினருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50. கூட வரும் ஒருவருக்கும் அதே தள்ளுபடி உண்டு.

முதலில் வேண்டியது ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவர் தரும் சலுகைச் சான்று. தனியார் மருத்துவமனையில் எத்தனை வருடம் வைத்தியம் பார்த்திருந்தாலும் கையெழுத்துக்கு அரசு மருத்துவரிடம்தான் போக வேண்டும், வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படிவத்தை அச்சடித்து எடுத்துப் போங்கள். வாங்கிய கையோடு, அங்கே நின்றபடியே மூன்றைப் பாருங்கள். கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழுந்திருக்க வேண்டும். முத்திரையில் மருத்துவரின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். எங்கேயும் அடித்தல் திருத்தல் கூடாது: படிவத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மேலே எழுதித் திருத்தாமல் புதுப் படிவம் கேளுங்கள். போட்டோவை ஒட்டாமல் கொண்டுபோய், கையெழுத்து வாங்கிவிட்டு வீட்டில் ஒட்டினால் அந்தச் சான்று செல்லாது.

நிரந்தர ஊனமானாலும் சான்றுக்குக் காலக்கெடு உண்டு. 25 வயது வரை 5 ஆண்டு, 26 முதல் 35 வரை 10 ஆண்டு, அதற்கு மேல் ஆயுளுக்கும்.

ஆன்லைனில் டிக்கெட் எடுக்க ரயில்வேயின் தனி அட்டை வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில்வேயின் ‘திவ்யாங்ஜன்’ இணையதளத்தில் சலுகைச் சான்று, போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஆதாரில் ‘எஸ். குமார்’, மருத்துவர் தாளில் ‘குமார் எஸ்.’ என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். சான்று உண்மையா என்று கொடுத்த மருத்துவமனையில் விசாரித்துத்தான் அட்டை தருவார்கள்; அதனால்தான் இழுக்கிறது. எந்த ரயில்வே கோட்டம் என்று கேட்டால், காட்பாடி ஜங்ஷன் சென்னைக் கோட்டம், வேலூர் கண்டோன்மென்ட் திருச்சிக் கோட்டம் என்பதை நினைவில் வையுங்கள்.

துணையாள் கட்டாயமான பிரிவில் அவர் பெயரையும் அதே டிக்கெட்டில் போட வேண்டும். மாற்றுத்திறனாளி கோட்டாவில் ஸ்லீப்பருக்கு 4 படுக்கை, அதில் 2 கீழ்ப் படுக்கை. தட்கலில் சலுகை கிடையாது.

தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். 75 சதவீதத் தள்ளுபடியில் 200 ரூபாய் அடிப்படை 50 ஆகும்; அதோடு ஸ்லீப்பர் முன்பதிவு 20, சூப்பர்ஃபாஸ்ட் 30 சேர்ந்து 100 கட்டுவீர்கள். கவுன்டர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போட வேண்டாம். இன்னொன்று, ஸ்லீப்பருக்குக் குறைந்தது 200 கிலோமீட்டர் கட்டணம் போடுவார்கள். சென்னை 130 கிலோமீட்டர்தான். பகல் பயணத்துக்கு இரண்டாம் வகுப்பு இருக்கையே லாபம்.

ஸ்டேஷனுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போனால் உங்களுக்கும் துணையாளுக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் அசல் சான்றோ அட்டையோ கையில் இருக்கட்டும். ஜெராக்ஸைக் காட்டினால் டிடிஆர் முழுக் கட்டணமும் அபராதமும் கேட்பார்.