காட்டாற்றில் கயாக்: தண்ணீர் மட்டத்தைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரிக்குப் பக்கத்தில் புலிக்கயம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் சாலிப்புழாவைக் கோடையில் பார்த்தால் இதிலா படகு ஓட்டுகிறார்கள் என்று தோன்றும். உருண்டு திரண்ட பாறைகள், நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர், அவ்வளவுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அதே இடம் நுங்கும் நுரையுமாக மாறிவிடும். 2013இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்காக இங்கேயும் பக்கத்து இருவஞ்சிப்புழாவிலும் வெளிநாட்டுக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) வீரர்கள் வந்து ஓட்டிப் போகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து காரில் போய்விடலாம் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கும் மழைக்காலம் என்றால் சாலிப்புழாதான்.

இந்த மாதிரிச் சின்ன ஆறுகளில் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாமல் இருப்பதில்லை. ஆற்றில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கில்தான் தவறிவிடுகிறார்கள். அந்தத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய ஆற்றின் கண்ணோடு சின்ன ஆற்றைப் பார்ப்பது

மேட்டூருக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் கேட்டுப் பழகியவர்கள் நாம். காவிரி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் எடுக்கும். மேலே அணை இருக்கிறது, அளப்பதற்கு ஆள் இருக்கிறார்கள், முன்கூட்டியே எச்சரிக்கையும் வரும். சாலிப்புழா போன்ற ஆற்றுக்கு அப்படி ஓர் எண் காலைப் பேப்பரில் வராது. மலையில் மழை பெய்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆறு ஏறிவிடும்.

எவ்வளவு ஏறும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். 1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி 20 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 25 மில்லிமீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். இந்த மலைகளில் அது பெரிய மழையே இல்லை. பாதியை மண் குடித்துவிட்டாலும் மீதி 25 கோடி லிட்டர் மூன்று மணி நேரத்தில் வடிந்தால் வினாடிக்கு 23,000 லிட்டர், கிட்டத்தட்ட 800 கன அடி. 10 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் இது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் பிடிக்கும். அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைச் சேர்க்காமல்.

மண் பாதியைக் குடிக்கும் என்பதும் ஜூன் தொடக்கத்துக் கதை. ஜூலை கடைசியில் மலை முழுக்க ஊறிக்கிடக்கும்போது பெய்கிற மழையில் பெரும்பகுதி நேராக ஆற்றுக்கு வந்துவிடும். 'போன மாதம் இதே மழைக்கு ஆறு ஏறவே இல்லையே' என்று சொல்லி இறங்குவது இதனால்தான் ஆபத்து.

தலைக்கு மேல் இருக்கும் வானத்தை நம்புவது

மேலே சொன்னதற்கு அடுத்தபடியாக அதிகம் பார்க்கும் தவறு இது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். ஆறு பிறக்கும் மலைப் பக்கம் கறுத்துக்கிடக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பிடித்ததும் மேலே மலையில் பெய்த மழைதான்.

சில வருடங்களுக்கு முன் ஜூலையில் நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். முந்தின நாள் ஓட்டிய அதே பகுதிதான். யானை முதுகு போல ஒரு பாறை, பாதி வெளியே தெரிந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது, சரி என்று இறங்கினோம். மதியம் ஒரு மணல் திட்டில் கயாக்குகளை இழுத்துப் போட்டுவிட்டுப் பொதிச்சோற்றைப் பிரித்தோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் கயாக்கின் வால் பக்கம் மெதுவாக ஆடியது. யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை, தண்ணீர்தான் அதைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் நிறம் தேநீர் போல மாறியிருந்தது. நடுவில் காய்ந்த மூங்கில் இலைகளும் ஒரு தேங்காய் மட்டையும் மிதந்து போயின. எங்களுக்கு மேலே துளி மழை இல்லை.

கயாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் தோட்டத்து வழியாக ஏறி ரோட்டுக்கு வந்தோம். அட்டைக்கடிதான் மிச்சம். டீக்கடைச் சேட்டன் எங்களைப் பார்த்ததும் சொன்னார்: "காலையிலேயே மேலே நல்ல மழ." அவர் வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. இறங்குமுன் அவரிடம் ஒரு டீ குடித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஆற்றைப் பார்க்கும் முன் மேல்கரை ஊர்க்காரர் ஒருவரிடம் பேசாமல் நான் துடுப்பைக் கையில் எடுப்பதில்லை.

எவ்வளவு என்று மட்டும் பார்த்து, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விடுவது

ஒரே மட்டத்தில் இருக்கும் ஆறு ஏறிக்கொண்டிருந்தால் ஒரு மாதிரி, இறங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு மாதிரி. இறங்கும் ஆற்றில் ஒரு தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். ஏறும் ஆற்றில், நாம் கடைசிப் பாய்ச்சலுக்கு (பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாயும் இடம்) போய்ச் சேரும்போது அது காலையில் பார்த்த பாய்ச்சலாக இருக்காது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கரைப்பாறையைப் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேல் ஈரமான ஒரு பட்டை, அதில் ஒட்டிய புது வண்டல், மேலே காய்ந்த பாறை என்றால் ஆறு இறங்குகிறது. ஈரப்பட்டையே இல்லாமல் காய்ந்த பாறையைத் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், புல்லும் செடியும் தண்ணீருக்குள் நின்று ஆடினால், ஏறுகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது எல்லாமே நனைந்திருக்கும், இந்தச் சோதனை பலிக்காது. அப்போது தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். மிதந்து வரும் சருகும் சுள்ளியும் இன்னொரு சாட்சி: ஏறும் ஆறுதான் கரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வரும். பாறைகள் அடியில் உருளும் மந்தமான 'டொக் டொக்' சத்தம் கேட்டால் வேறு சோதனையே வேண்டாம், கரைக்கு வந்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், பாறையில் சிக்கிய ஆள் மீது தண்ணீர் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். 'கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது' என்ற பேச்சில் இந்தக் கணக்கு விட்டுப்போகிறது.

பாலத்தில் நின்று முடிவெடுப்பது

உயரத்திலிருந்து பார்த்தால் அலை தட்டையாகத் தெரியும். ஆள் உயரத்துக்கு எழும் அலை, பாலத்திலிருந்து பார்க்க வெள்ளைக் கோடுதான். கரையில் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்கு வந்து பாருங்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுற்றும் அமைதியான இடங்களைக் கயாக் ஓட்டுகிறவர்கள் எடி என்பார்கள். இளைப்பாறவும், அடுத்த வளைவை எட்டிப் பார்க்கவும் அதுதான் இடம். ஆறு ஏறும்போது முதலில் காணாமல் போவது இந்த எடிகள்தான். எடி இல்லாத ஆற்றில் நிறுத்த முடியாது. சரிவு ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே நீளப் பாய்ச்சலாகிவிடும்.

வீடியோ பார்த்துவிட்டு வருவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அந்த வீடியோ எந்தத் தேதியில், எந்த மட்டத்தில் எடுத்தது என்று தெரியாதவரை அது வேறு ஆற்றின் வீடியோ.

தண்ணீர் குறைவென்றால் பயமில்லை என்று நினைப்பது

மட்டம் குறைந்தால் பாறைகள் தலை நீட்டும், கயாக் குறுக்கே சிக்கும். கவிழ்ந்தால் தலை அடியில் மோத அதிக ஆழம் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட மோசம், கவிழ்ந்தவர் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்ப்பது. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டும், ஓட்டம் முதுகில் தள்ளும், ஆள் முன்னால் சாய்ந்து முகம் தண்ணீருக்குள் போகும். தொடை அளவுத் தண்ணீரில் இது நடக்கும். மல்லாந்து மிதந்து, இரண்டு பாதங்களையும் மேலே தூக்கி, ஓட்டம் போகும் பக்கமாக நீட்டி வைத்து, கரையோரத்தில் அமைதியான தண்ணீர் வந்ததும் குப்புறத் திரும்பி நீந்த வேண்டும். கை தரையைத் தொடும் இடம் வரும்வரை எழுந்து நிற்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் துடுப்புக்கு முன்னால் சொல்லித்தருவது இதைத்தான்.

தடுப்பணையைச் சின்ன அருவி என்று எண்ணுவது

ஊருக்குள் ஓடும் ஆறுகளில் தடுப்பணையும் தரைப்பாலமும் நிறைய. மேலே இருந்து வரும்போது ஒரு நேர்கோடு மட்டும் தெரியும், சத்தமும் பெரிதாக இருக்காது. கீழே விழும் தண்ணீர் அடிவாரத்தில் பின்னோக்கிச் சுருண்டு, விழுந்ததைத் திரும்பத் திரும்பச் சுவரை நோக்கி இழுக்கும். இயற்கையான பாறைச் சரிவில் இந்தச் சுருளுக்கு எங்காவது ஓர் இடைவெளி இருக்கும். சிமெண்ட் சுவரில் கரைக்குக் கரை ஒரே சீராக இருப்பதால் வெளியேற வழியே கிடைக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது விடாது. தரைப்பாலமோ வேறு வகை: ஆறு ஏறும்போது அடியில் உள்ள குழாய்களுக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும். இரண்டு இடத்திலும் கயாக்கைத் தூக்கிச் சுமந்து கரைவழியாகக் கடந்துவிடுங்கள். விழுந்து கிடக்கும் மரத்துக்கும் அதே விதி. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. மழைக்காலத்தில் நேற்று இல்லாத மரம் இன்று இருக்கும் என்பதால் வளைவுகளைத் தினமும் நடந்தே பார்க்க வேண்டும்.

சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாக: லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வார்களை இறுக்கியபின் நண்பரைத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறினால் அது உதவாது. ஹெல்மெட், விசில், தண்ணீரில் விழுந்தவருக்கு வீச 15 முதல் 20 மீட்டர் எறிகயிறு. கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்ளவே கூடாது. மூன்று பேருக்குக் குறைவாக இறங்க வேண்டாம்.

சொந்த அளவுகோல் வைத்துக்கொள்ளாமல் இருப்பது

அளவுகோல் இல்லாத ஆற்றுக்கு நாம்தான் அளவுகோல் வைக்க வேண்டும். எனக்கு அந்த யானைப் பாறையும், இறங்கும் இடத்துப் படித்துறையும்தான் அளவுகோல். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்து, நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

'ஜூலை 14, காலை 8 மணி. யானைப் பாறை பாதி. படி மூன்று தெரிகிறது. நேற்று இரவு மேலே மழை இல்லை என்றார் சேட்டன். இறங்குகிறது. ஓட்டினோம், எடி எல்லாம் இருந்தது.'

'ஜூலை 15, காலை 8 மணி. யானைப் பாறை மேல் தண்ணீர் வழிகிறது. படி ஒன்றுதான். கலங்கல். ஏறுகிறது. ஓட்டவில்லை.'