கடைத்தெருவில் மாடிக் கட்டடத்தை இறக்குவது எப்படி?

கல்முனை பிரதான வீதியிலும் மட்டக்களப்பு நகரிலும் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அங்கே நான்கைந்து மாடிக் கட்டடத்தை வெடிவைத்தோ, பேக்கோ இயந்திரத்தால் அடியில் தட்டியோ விழுத்த இடமில்லை. கட்டிய ஒழுங்கைத் தலைகீழாக்கி, மேலிருந்து மாடி மாடியாக இறக்கவேண்டும்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் உரிய சபையைக் கொண்டே துண்டியுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த்தாங்கியை வெறுமையாக்குங்கள். அஸ்பெஸ்டஸ் தகடுகளை நனைத்து, உடையாமல் முழுசாகக் கழற்றுங்கள். வீதிப் பக்கம் சாரமும் வலையும், நடைபாதைக்கு மேல் பலகைக் கூரையும் வேண்டும். சாரத்தைக் கட்டடத்தோடு பிணைத்த கட்டுகளை அந்தந்த மாடி இறங்கும்போதே அவிழ்க்கவேண்டும். முந்தி அவிழ்த்தால் வாடைக்காற்றுக்குச் சாரம் வீதியில் சரியும்.

அதிகம் பிழை நடப்பது இடிபாட்டைக் குவிப்பதில்தான். உடைந்த கொங்கிரீட் கன அடிக்கு ஏறக்குறைய 45 கிலோ. வீட்டு மாடித் தட்டு சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ பாவனைப் பாரத்துக்கே (ஆட்கள், தளபாடங்களின் பாரம்) கணக்கிடப்படும். ஓரடி உயரக் குவியலே மூன்று மடங்கு! அன்றன்றே இறக்குங்கள். பீமைத் தொடாமல் தட்டின் நடுவில் துவாரம் போட்டுக் கொட்டலாம்; கொட்டும்போது கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. வேலை நடக்கும் தட்டுக்குக் கீழே இரண்டு மாடிகளிலும் இரும்பு முட்டுகள் ஒன்றின் நேர்கீழே ஒன்றாக நிற்கவேண்டும். கடலோரத்தில் உப்பு கம்பியைத் தின்றிருக்கும். கொங்கிரீட் வெடித்து உரிந்த இடங்களில் முட்டுகளை நெருக்கமாக வையுங்கள்.

முதலில் வீதிக்கு நீண்ட பல்கனி. அதைப் பின்னாலுள்ள தட்டுத்தான் பிடித்து நிற்கிறது. தட்டை முந்தி உடைத்தால் பல்கனி அப்படியே வீதியில் கவிழும். ஆகவே பல்கனிக்கு முட்டுக் கொடுத்து அதை உடைத்துவிட்டு, பிறகு நடுச்சுவர், தட்டு, சிறு பீம், பெரிய பீம் என்று போங்கள். தூண் கடைசி.

தூணின் தலையில் இரும்பு வடம் கட்டி உள்ளே இழுத்துப் பிடியுங்கள். அடியில் கொங்கிரீட்டைக் கொத்தி, வீதிப் பக்கக் கம்பிகளை மட்டும் வெட்டுங்கள். உட்பக்கக் கம்பி கீல்போல மடங்கும். தூண் வீதிக்குச் சாயப்பார்த்தாலும் அதுவே பிடிக்கும். விழும் இடத்தில் மணல்மூடைகளைப் பரப்புங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்கலாம், தட்டில் தேங்க விடாதீர்கள். பக்கத்துக் கடையோடு பொதுவான சுவரை இயந்திரத்தால் தொடவேண்டாம், கையால் கொத்துங்கள். கீழ்த்தளத்துக்குப் பேக்கோ வருமுன் மலக்குழியைத் தேடிக் கண்டுபிடித்து, வெறுமையாக்கி, மணல் நிரப்புங்கள்.