நியூசிலாந்துக்கு ட்ரெக்கிங் ஷூ கொண்டுபோகிறீர்களா?

சாஃப்ட்வேர் வேலையோடு மலையேற்றமும் வேண்டுமென்று குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து நியூசிலாந்து போகிறவர்கள், வெளிமண்ணும் விதையும் அந்நாட்டுக்குள் போய்விடாதபடி, பழைய ஷூவைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கழுவிவிடுங்கள். லேஸையும் உள் அட்டையையும் கழற்றி, அடிப்பள்ளங்களில் ஒட்டிய தேயிலைத் தோட்டத்து மண்ணைக் குச்சியால் நோண்டி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நாக்குப் பட்டையின் மடிப்பில்தான் புல்விதை ஒளிந்திருக்கும். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான்.

மழைக்காலத்தில் நம் ஊரில் ஷூ சீக்கிரம் காயாது. செய்தித்தாளைத் திணித்துக் காலையும் மாலையும் மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டு அடி பிரிந்துவிடும்.

டென்ட் முளைகளுக்கும் இதே கழுவல்தான். நியூசிலாந்துக்கான பயண அறிவிப்புப் படிவத்தில், வெளியில் பயன்படுத்திய ஷூ, டென்ட் போன்றவை கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு, அவை சுத்தமாக இருந்தாலும் 'ஆம்' என்றே குறியுங்கள். சொல்லாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அங்கே கவுரி எனும் பெருமரங்களைச் சாகடிக்கும் நோய், காலணியில் ஒட்டிய மண்ணிலும் பரவுகிறது.