முடியாத போர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு அரசறிவியல் எடுக்கிற பிள்ளைகளின் கட்டுரைகளிலும், வாசிகசாலைகளில் பேப்பர் வாசித்துவிட்டுப் பெரியவர்கள் கதைக்கிற கதைகளிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வெல்ல ஏலாது என்று தெரிந்த பிறகும், சொந்த மக்களே வெறுத்த பிறகும், தலைவர்கள் ஏன் போரை நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள்? கேள்வி நல்ல கேள்வி. பதில்கள்தான் அடிக்கடி வழி தவறுகின்றன. போருக்குள் வாழ்ந்த ஊர் என்பதால் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. சில இடங்களில் அந்த நினைப்பே கண்ணை மறைத்துவிடுகிறது.

மிகப் பரவலான பிழை, தலைவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்கவில்லை என்று எழுதுவது. பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 1964 மே 27 அன்று தன் ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டியுடன் தொலைபேசியில் பேசியது ஒலிப்பதிவாக இருக்கிறது. வியட்நாம் போரிடத் தகுந்த இடமாகத் தனக்குப் படவில்லை, ஆனால் அங்கிருந்து வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை என்று அவர் அதில் சொல்கிறார். தரைப்படை டா நாங்கில் இறங்கியது அதற்குப் பிறகு, 1965 மார்ச்சில். 1968இல் அங்கே நின்ற அமெரிக்கப் படையினர் 5 இலட்சத்துக்கும் மேல். பாதுகாப்புச் செயலாளர் மக்னமாராவும் 1967 நவம்பரில், குண்டுவீச்சை நிறுத்தும்படி ஜோன்சனுக்கு எழுத்திலேயே கொடுத்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் பதவியை விட்டுப் போனார். போர் போகவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது, தெரிந்தும் ஜோன்சனை எது தடுத்தது என்பதை. 1949இல் சீனா கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனபோது, சீனாவை இழந்தவர் என்று அப்போதைய ஜனாதிபதி ட்ரூமன் மீது விழுந்த பழி ஜோன்சனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வறுமை ஒழிப்பு, மருத்துவக் காப்புறுதி, சிவில் உரிமை என்று உள்நாட்டில் அவர் நிறைவேற்ற விரும்பிய சட்டங்களும் இருந்தன. தோற்றவர் என்ற பெயர் வந்தால் அவையும் விழுந்துவிடும் என்று பயந்தார். போரை நிறுத்துவதன் விலை அவருக்கு அடுத்த வாரமே வரும். தொடர்வதன் விலையை வேறு யாரோ, வேறு எங்கோ, சிறிது சிறிதாகக் கட்டுவார்கள். முடிவெடுக்காமல் இருப்பது ஒரு தலைவருக்கு ஏன் அவ்வளவு வசதி என்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் விளங்க வேண்டும்.

மக்கள் வெறுத்தால் போர் நின்றுவிடும் என்று நம்புவது அடுத்த பிழை. 1967 ஒக்டோபரிலேயே அமெரிக்கக் கருத்துக்கணிப்பில், போருக்குப் போனது தவறு என்றவர்கள் தவறில்லை என்றவர்களை விடக் கூடுதலாக இருந்தார்கள். 1968 நவம்பரில் வென்ற நிக்சன், கௌரவமான சமாதானம் கொண்டுவருவேன் என்றார். அமெரிக்கா வெளியேற வழிவிட்ட பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1973 ஜனவரி 27இல். அந்தப் போரில் இறந்த ஏறத்தாழ 58,000 அமெரிக்கப் படையினரில் 20,000க்கும் மேற்பட்டோர் நிக்சன் பதவியேற்ற பிறகு இறந்தவர்கள். வியட்நாமியரின் சாவு இதைப் பல மடங்கு தாண்டும், அதையும் சேர்த்து எழுதாத கட்டுரை அரைக் கட்டுரை.

வெறுப்பு என்று எழுதும்போது யாருடைய வெறுப்பு என்றும் சொல்ல வேண்டும். இந்தியன் ஆமி இங்கே நின்ற காலம் இதற்கு நல்ல பாடம். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பிறகு வந்த இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபரில் சண்டை மூண்டது. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் ஊழியருமாகப் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இங்கே அந்தப் படைக்கு ஆதரவு என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. ஆனால் புது டில்லியின் கணக்கில் எங்கள் வெறுப்புக்கு வாக்குப் பெறுமதி கிடையாது. தமிழ்நாட்டின் வெறுப்புக்குக் கொஞ்சம் இருந்தது. 1990இல் திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. எங்கள் நாட்டிலும் அப்படித்தான். 1994 நவம்பரில் சமாதானம் பேசுவேன் என்று சொன்ன சந்திரிகாவுக்கு 62 சதவீத வாக்கு விழுந்தது. 2008இல் தெற்கில் போருக்கே ஆதரவு பெருகி நின்றது. இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகக் குழைத்து, மக்கள் வெறுத்த போர் என்று ஒரே வரியில் எழுதினால் வரலாறு பிழையாகிவிடும்.

இனி நான் மிகவும் பாரதூரமானதாக நினைக்கிற பிழைக்கு வருகிறேன். முடிவெடுக்காத காலத்தை ஒன்றும் நடக்காத காலமாக நினைப்பது.

1989 ஜூன் தொடக்கத்தில் ஜனாதிபதி பிரேமதாச, இந்தியப் படை ஜூலை முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். ராஜீவ் காந்தி அதற்கு உடன்படவில்லை. தமிழரின் பாதுகாப்பும் மாகாண சபையும் உறுதியாகாமல் போக முடியாது என்றது இந்தியா. செப்டெம்பரில்தான் இணக்கம் வந்தது. கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது 1990 மார்ச் 24இல். திகதியைப் பற்றி இரண்டு தலைநகரங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான், 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில், வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இராஜதந்திர வரலாற்று நூல்கள் அந்த மாதங்களைப் பேச்சுவார்த்தைக் காலம் என்று ஒரு வரியில் கடந்துவிடும். வல்வெட்டித்துறையில் யாரும் அப்படிக் கடக்க முடியாது.

1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலமும் இந்த வகைதான். கொழும்பு முழுதாகப் போரிடவும் இல்லை, முழுதாகப் பேசவும் இல்லை. இங்கே மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். வெளியே போவதென்றால் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும், அந்தக் கடலில் செத்தவர்களும் உண்டு. ஒரு தலைமுறை முழுக்க அப்படிப் படித்தது. தலைவர்கள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் இங்கே யாரோ ஒருவருடைய மாதமாக இருந்தது.

படை வெளியேறினால் போர் முடிந்தது என்று எழுதுவதும் வேண்டாம். இந்தியப் படை போய் மூன்றே மாதத்தில், 1990 ஜூனில், அடுத்த போர் தொடங்கியது. தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது பாரிஸ் உடன்படிக்கைக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. போர்நிறுத்தக் காகிதத்தையும் அப்படியே நம்பக் கூடாது. 2002 பெப்ரவரி 22இல் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் கையெழுத்தான ஒப்பந்தம் சட்டப்படி செத்தது 2008 ஜனவரியில். 2006இலேயே யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டப்பட்டு முழுப் போரும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் தளர்ந்ததற்கு ஒரு காரணம், கொழும்பில் அதிகாரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருந்தபோது, 2003 நவம்பரில், ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். அப்புறம் யாரோடு யார் பேசுவது?

துணிவுள்ள தலைவர் ஒருவர் இருந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பார் என்ற ஆசையும் கட்டுரைகளில் வரும். பிரான்சின் டி கோலை விடத் துணிவான ஒருவரைத் தேட முடியாது. 1958இல் ஆட்சிக்கு வந்தார், 1959 செப்டெம்பரில் அல்ஜீரியர்களின் சுயநிர்ணயத்தை ஏற்றார், 1961 ஜனவரியில் பொதுசன வாக்கெடுப்பில் வென்றார். ஏப்ரலில் அவருடைய தளபதிகள் சிலரே கிளர்ச்சி செய்தார்கள். அல்ஜீரியப் போரை முடித்த எவியன் உடன்படிக்கை வந்தது 1962 மார்ச்சில். சோவியத் தலைவர் கொர்பச்சேவும் 1986 நவம்பரில் அரசியற்குழுவில், ஆப்கானிஸ்தானை ஓரிரு ஆண்டில் முடிக்க வேண்டும் என்றார். கடைசிச் சோவியத் படையினர் எல்லை தாண்டியது 1989 பெப்ரவரி 15இல். தாங்கள் தாங்கிப் பிடித்த நஜிபுல்லாவின் ஆப்கான் அரசு விழாமல் வெளியேற வழி தேடியதில் அந்தக் காலம் போனது. துணிவு தேவைதான். ஆனால் படைத் தளபதிகள், கூட்டாளி அரசுகள், எதிர்க்கட்சி என்று எல்லாரையும் கணக்கில் எடுக்காமல் தலைவரின் குணத்தை மட்டும் எழுதினால் விளக்கம் வராது.

கடைசியாக, எங்கள் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது. இதைச் சொல்ல மனம் கனக்கிறது, என்றாலும் சொல்ல வேண்டும். 2003 ஏப்ரலில் பேச்சிலிருந்து விலகியது புலிகள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் வாக்களிப்புத் தடுக்கப்பட்டது. யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது நூற்றுக்கு ஒருவரளவுதான். மகிந்த ராஜபக்ச நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2009இல் வன்னியில் அரசாங்கம் ஷெல் அடித்துக்கொண்டிருந்தபோது, மக்களை வெளியேற விடாமல் வைத்திருந்ததும் எங்கள் தலைமைதான். கொழும்பிடம் கேட்கிற கேள்வியை அதே குரலில் இங்கேயும் கேட்கிற கட்டுரைக்குத்தான் நான் கூடுதல் புள்ளி போடுவேன்.

எழுதத் தொடங்கும் முன் பிள்ளைகள் ஒரு தாளில் மூன்று நிரல் போட்டுக்கொள்ளலாம். தலைமைக்கு வெல்ல முடியாது என்று தெரிந்த திகதி முதல் நிரலில். போர் உண்மையில் நின்ற திகதி இரண்டாவதில். இடைப்பட்ட காலத்தில் எந்த ஊரில், யார் யார் இறந்தார்கள் என்பது மூன்றாவதில். அந்த மூன்றாவது நிரலுக்குத்தான் கூடுதல் இடம் விட வேண்டும்.