ஆய்வேடு பாதியில் நிற்கிறதா? எழுத்தை மறுபடி ஓட வைக்கும் வழி

முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம் கோர்ஸ் ஒர்க், தலைப்பு, டாக்டரல் கமிட்டி என்று ஓடிவிடும். தரவு சேர்க்கும் காலமும் உற்சாகமாகத்தான் போகும். எழுத உட்காரும்போதுதான் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கெடு அவ்வளவு தள்ளி இருப்பதால், இன்று ஒரு வரி எழுதாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மாதங்கள் அப்படித்தான் நழுவுகின்றன. மூடு வந்ததும் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். நாலு வரி எழுதிய பிறகுதான் மூடே வரும். ஆகவே உட்கார்ந்ததும் கை ஓடும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

புரிவதற்காக, ‘புறநானூற்றில் கைம்மை’ என்ற தலைப்பில் ஒருவர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: முன்னுரையில் கை வைக்காதீர்கள்

பலர் முதல் இயலின் முதல் பத்தியையே மாற்றி மாற்றி எழுதிச் சோர்ந்துபோகிறார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் முன்னுரை எழுத முடியாது. அதைக் கடைசிக்கு விடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மிகவும் பிடித்த ஒரு சின்னப் பகுதியை எடுங்கள். நம் எடுத்துக்காட்டில், ‘கைம்பெண்கள் என்ன உண்டார்கள்?’ என்ற ஒரே கேள்வி போதும். அது எந்த இயலில் போய் உட்காரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: எழுந்திருக்கும் முன் நாளைக்கு ஒரு சீட்டு

இதை மட்டும் செய்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். இன்றைய வேலையை முடிக்கும்போது, நாளை செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கணினிமேல் ஒட்டுங்கள். ‘இரண்டாம் இயலைத் தொடர வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

*‘பாட்டு 246: எள் துவையல், வேளைக்கீரை. 248, 280: ஆம்பல் அல்லி. மூன்றிலும் உணவுதான் அடையாளம். 246ஐச் சொல்பவள் யார் என்பதிலிருந்து தொடங்கு.’*

மறுநாள் வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை. 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீப்பாயப் போகிறவள். அந்த ஒரு வாக்கியத்தை எழுதினால் அடுத்தது தானே வரும்.

படி 3: நேரம் சிறிதாக இருக்கட்டும், மாறாமல் இருக்கட்டும்

பகுதிநேர ஆய்வாளர்கள் பெரும்பாலும் கல்லூரியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதிவிடலாம் என்று நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கல்யாணமும் காதுகுத்தும் வரும். தினமும் காலையில் அரை மணி நேரம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். அந்த நேரத்தில் திருத்தக் கூடாது, மேற்கோள் தேடி நூலைப் புரட்டக் கூடாது. ‘இங்கே உரை பார்க்க’ என்று குறித்துவிட்டு மேலே போய்விட வேண்டும்.

படி 4: வறண்டுபோனால் மூலத்துக்குத் திரும்புங்கள்

எழுத்து சலிப்பதற்கு முக்கியக் காரணம், நாம் மாதக்கணக்கில் மற்றவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே படித்துக்கொண்டிருப்பது. அவற்றை மூடி வைத்துவிட்டுப் பாட்டை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டு ‘அளிய தாமே சிறுவெள் ளாம்பல்’ என்று தொடங்குகிறது. இளமையில் தழையாடையாக உடுத்திய அதே ஆம்பல், கணவன் மாய்ந்தபின் வேளை தவறி உண்ணும் அல்லியரிசியைத் தருகிறது. ஐந்தே அடியில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் வந்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். களப்பணி செய்பவர்கள் தங்கள் பேட்டிப் பதிவுகளைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படியை மறுபடி விரித்துப் பார்க்கலாம்.

படி 5: மூளை ஓடாத நாளுக்கு வேறு வேலை

அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், ஒற்றுப்பிழை. இவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஸொட்டீரோ (Zotero) துணைநூற்பட்டியலுக்கான இலவச மென்பொருள். நூல் விவரங்களை அன்றன்றே அதில் ஏற்றினால் கடைசி மாத ஓட்டம் மிச்சம்.

படி 6: நெறியாளரிடம் துண்டு துண்டாகக் கொடுங்கள்

முழு இயலும் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், அவரைப் பார்க்கவே தயக்கம் வந்துவிடும். ஐந்தாறு பக்கம் தேறியதும் கொண்டுபோங்கள். ‘பார்த்துச் சொல்லுங்க ஐயா’ என்று பொதுவாக நீட்டினால் அது மேசையிலேயே கிடக்கும். ‘280ஐயும் இதே பகுதியில் சேர்க்கலாமா அம்மா, தனியாகப் பேசட்டுமா?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். நின்ற இடத்திலேயே பதில் கிடைக்கும்.

நம் ஆய்வேடு தேறுமா என்ற பயம் வந்தால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகமான சோத்கங்கா தளத்தில் உங்கள் துறையில் பட்டம் பெற்ற ஆய்வேடுகள் இரண்டை இறக்கிப் பாருங்கள். இயல் பகுப்பையும், ஓர் இயல் எத்தனை பக்கம் போகிறது என்பதையும் மட்டும் கவனியுங்கள். பார்த்து முடித்ததும் தளத்தை மூடிவிட்டு, ஒட்டிவைத்த சீட்டை எடுங்கள்.