பெயர் தெரியாத பூச்செடியை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் அடிக்கடி போனை நீட்டி, "இது என்ன பூங்க?" என்று கேட்கிறார்கள். திரை முழுக்க ஒரே ஒரு பூ இருக்கும். இலையோ தண்டோ தெரியாது. நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மங்கலான படம் எடுப்பது, காய்ந்த கிளையைக் காட்டுவது போன்ற சின்னத் தவறுகளை விட்டுவிட்டு, உண்மையில் நஷ்டம் தரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது

எங்கள் நிலத்துக்கு ஆவாரை வேலி போட ஆசைப்பட்டேன். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு பெரிதாகத் தொடாது, பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூவும் கிடைக்கும். ஒரு சாலையோரம் மஞ்சளாகப் பூத்திருந்த புதரில் காய் பறித்து, விதையை வெந்நீரில் ஊறவைத்து, நாற்பது நாற்று எடுத்தேன். இரண்டு வருடம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். பூத்தது. பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் ஒரு கைப்பிடி பறித்துக் காய வைத்து, கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்.

ஆடு மேய்க்கும் ஓர் அம்மா ஒருநாள் வேலி ஓரம் நின்று ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார். "இது ஆவாரை இல்லீங்களே. பூவ விடுங்க, எலையப் பாருங்க" என்றார். நிஜ ஆவாரைக் கிளை ஒன்றை ஒடித்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆவாரையின் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் காது மடல் போல அகலமான பச்சைச் செதில்கள் இருக்கும். அதன் அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டாவில் உள்ள "ஆரிகுலேட்டா" என்பதற்கே "காதுள்ளது" என்றுதான் பொருள். ஒரே இலையில் வரிசையாக இருக்கும் சின்ன இலைகளான சிற்றிலைகள் 8 முதல் 12 ஜோடி வரை இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, நடுக்காம்பின் மேல் சின்னதாக ஒரு சுரப்பி நிற்கும். என் வேலியில் இருந்த செடிக்குக் காது மடல் இல்லை, மெல்லிய நூல் போன்ற செதில்தான். சிற்றிலை பெரிது, ஜோடி குறைவு, சுரப்பியும் கீழ் ஜோடிகளுக்கு நடுவில் மட்டும். பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் சென்னா சூரத்தென்சிஸ் அது.

அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதே குடும்பத்தில் பேயாவரை என்று ஒன்று இருக்கிறது. பூ அதே மஞ்சள்தான். அதன் விதையைத் தின்று உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நான் பறித்தது அந்தக் காயாக இருந்திருந்தால்? இன்றைக்கும் யாராவது "மஞ்சளா இருக்கு, ஆவாரம்பூதான்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி ஆவாரைக்குத்தான், எல்லா மஞ்சள் பூவுக்கும் இல்லை.

நிறத்தை நம்புவது

காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் வண்ணத்தாள் உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவின் அடியில் வரும் வண்ண இலை. பூ அதற்குள் வெள்ளையாக, குச்சி போல இருக்கும். புருன்ஃபெல்சியா என்ற அழகுச்செடியின் பூ ஊதாவாக மலர்ந்து இரண்டு மூன்று நாளில் வெள்ளையாகிவிடும். ஒரே செடியில் இரண்டு நிறம் கண்டதும் ஒட்டுச்செடி என்று சொல்லாதீர்கள்.

இலை அமைப்பைப் பார்க்காதது

முதலில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா, மூன்று மூன்றாக வட்டமாகவா என்று பாருங்கள். அரளிக்குப் பெரும்பாலும் மூன்று, மஞ்சள் அரளிக்கு மாறி மாறி. இட்லிப்பூவுக்கு எதிரெதிர் இலை, இரண்டு காம்புகளுக்கும் இடையில் தண்டோடு ஒட்டி ஒரு கூரான செதில் இருக்கும். எது இலை, எது சிற்றிலை என்று குழம்பினால் மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பின் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது.

அப்புறம், ஓர் இலையைக் கிள்ளுங்கள். அடுக்கு நந்தியாவட்டையில் பால் வடியும், கார்டீனியாவில் வடியாது. இரண்டும் வெள்ளை அடுக்குப் பூ. கிள்ளிய பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

வாயில் வைத்துப் பார்ப்பது

கூடவே கூடாது.

படம் பார்த்துச் செடிப் பெயர் சொல்லும் போன் செயலி காட்டும் முதல் பெயரோடு நிறுத்துவது

மூன்றாவது பெயர் வரைக்கும் பாருங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது

தங்க அரளி என்று சிலர் சொல்வது சொர்ணப்பட்டியை. அரளிக்கும் அதற்கும் உறவே இல்லை. அந்தப் பெயரால் குழம்பி நிஜ மஞ்சள் அரளியை வீட்டு வாசலில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் அரளியின் விதை இதயத்தையே நிறுத்திவிடும் விஷம்.

காய்க்கும் முன் கத்தரித்துவிடுவது

பூ வாடியதும் கத்தரியை எடுக்காதீர்கள், காய் வரட்டும். குழல் போல மஞ்சளாகப் பூக்கும் மூன்று செடிகளைக் காயே பிரித்துக் காட்டிவிடும். சொர்ணப்பட்டியின் காய் பீன்ஸ் போல நீளமாக இருக்கும், உள்ளே இறக்கை வைத்த விதைகள். அலமாண்டாவின் காய் முள் முள்ளாக உருண்டை. மஞ்சள் அரளிக்குப் பச்சையில் முனை தூக்கிய காய், பழுத்தால் கறுக்கும். அது கறுத்து உதிர்வதற்குள் பறித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் புதைத்துவிடுங்கள்.