மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கு மிதிவண்டிப் பயணம்: திட்டமிடுவது எப்படி?

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏரியை ஒட்டியுள்ள பிரையண்ட் பூங்காவுக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும், விடியலில் கிளம்பினால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு வத்தலக்குண்டு வரைதான் செல்லும். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. ஏரியோ 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்த உயரத்தின் பெரும்பகுதியை, வத்தலக்குண்டைத் தாண்டி வரும் காட்ரோடு பிரிவில் தொடங்கும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைச்சாலையில்தான் ஏறியாக வேண்டும். ஆகவே அந்த 50 கிலோமீட்டருக்கு எந்த நாள், எந்த நேரம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே சரியான முறை.

சுமையேற்றிய வண்டி இந்த ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் நகரும். இடையிடையே இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் மலைக்கு மட்டுமே எட்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே முதல் நாள் மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஓட்டி அங்கே தங்கிவிட்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் மலைக்குக் கிளம்புவதே என் பரிந்துரை. ஒரே நாளில் முடிக்கும் உடல்வலு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கடைசி வளைவுகளை அந்தி மங்கலிலும் மூடுபனியிலும் கடக்க நேரிடும் என்பதால், வலு இருப்பது மட்டும் அதற்குப் போதுமான காரணம் ஆகாது.

முதல் நாள் வழிக்குச் சமயநல்லூர், வாடிப்பட்டி வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையைப் பலரும் தேர்ந்தெடுப்பார்கள். சாலை நன்றாக இருந்தாலும், பெருவாகனங்களின் வேகத்துக்கு நடுவே மிதிவண்டி ஓட்டுவது சோர்வு தரும். கோச்சடை, துவரிமான், மேலக்கால் வழியாக வைகையை ஒட்டிச் சோழவந்தானுக்குச் சென்று, அங்கிருந்து நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டை அடைவது இதைவிட இதமானது. தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் நிறைந்த பாதை அது.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மலைச்சாலையில் மண்சரிவு ஏற்படக்கூடும். கோடை விடுமுறையில் வாகன நெரிசல் மிகுதி. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசி, சமவெளியிலேயே மிதிப்பவரைக் களைக்கச் செய்துவிடும். எஞ்சும் தை, மாசி மாதங்களே உகந்தவை. அப்போது மேலே இரவுக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளி உடை கட்டாயம். வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதன்கிழமையன்று மலையேறுவது நல்லது.

வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது கியர். சாலையின் சராசரிச் சரிவு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவில்தான் இருக்கிறது. அது செங்குத்து அல்ல. ஆனால் ஓயாமல் நீள்வது. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பற்கள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டும் சமமாக இருந்தால் ஒரு சுற்று மிதிக்கு வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அதே வேகத்தில் முன்னே 48 பற்களும் பின்னே 28 பற்களும் கொண்ட கியரில் ஏற முயன்றால், நிமிடத்துக்கு முப்பத்தைந்து சுற்றுதான் வரும்; அதன் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். வண்டி, ஆள், பை எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்று கொண்டால், அவற்றை 1,800 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் உடல் ஏறத்தாழ 1,700 கிலோகலோரியைச் செலவிடும். எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளையும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்தால், பை தானாகவே இளைத்துவிடும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்பு, செயின் கழற்றும் கருவி, ஒளிரும் சட்டை, முன்பின் விளக்குகள் ஆகியவற்றை மட்டும் குறைக்க வேண்டாம்.

பயிற்சிக்குத் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின் பதினெட்டு கொண்டையூசி வளைவுகள் ஏற்றவை. பயணத்துக்குக் கொண்டுசெல்லும் அதே சுமையோடு அங்கே ஏறிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் ஏறுவது பயிற்சிக் கணக்கில் சேராது.

மலையேறும் நாளில் வத்தலக்குண்டிலேயே வயிறார இட்லி சாப்பிட்டு, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், எஃகுப் புட்டிகளையே கொண்டுசெல்ல வேண்டும். பசிக்கும் வரை காத்திராமல் முக்கால் மணிக்கு ஒருமுறை கடலைமிட்டாய், பேரீச்சை, மலைவாழைப்பழம் என்று ஏதாவது சாப்பிடுங்கள். எலிவால் அருவி தொலைவில் தெரியும் டம்டம் பாறையில் நிற்காமல் போக மனம் வராது. ஆனால் குரங்குகள் திரியும் சாலை இது என்பதால், உணவுப் பையைத் திறந்தபடி வண்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பழனிச் சாலை வந்து சேரும் பெருமாள்மலையை அடைந்ததும் ஊர் வந்துவிட்டதாக நினைத்து வேகம் கூட்டுவது வழக்கம். அதற்குப் பிறகும் பத்துக் கிலோமீட்டருக்குமேல் ஏற்றம் மிச்சமிருக்கிறது. காற்றில் பிராணவாயு அடர்த்தி குறைந்திருக்கும் உயரம் என்பதால் மூச்சும் சற்று வாங்கும். அங்கே தேநீர் குடித்து, கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டினால் ஊர் நெருங்கிவிடும். 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ் உருவாக்கிய ஏரியைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பூங்கா அதன் கிழக்குப் பகுதியில் இருக்கிறது.

இறங்கும் நாளுக்கு முன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்து, தேவையானால் மாற்றிவிட வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால், விளிம்பு பிரேக் உள்ள வண்டிகளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டு ஓட்ட வேண்டும். ஏறிவரும் பேருந்துகள் கொண்டையூசி வளைவுகளில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒலிப்பான் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்னரே இடதுபுறம் ஒதுங்கி நின்று அவற்றுக்கு வழிவிட்ட பிறகு தொடருங்கள். காட்ரோடு வரும்வரை காற்றுத் தடுக்கும் மேல்சட்டையையும் கையுறையையும் கழற்ற வேண்டாம். விரல்கள் விறைத்துவிட்டால் பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும்.